தாயைப் பார்த்துக் குட்டியை எடு

ஆயர் ஈத்தாம் என்னும் மலாய்ப் பெயருக்குக் கருநீர் என்பது பொருள். மலையடிவாரத்துச் சிற்றூராக இருந்து, அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கும் நகர்ப்புறமாக வளர்ந்துவிட்ட நம் ஊரில் நாய்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. கெக் லோக் சி ஆலயத்திற்கு ஏறும் வழியோரத்திலும், சந்தைக்குப் பின்புறத்திலும், மலைச்சரிவுக் காய்கறித் தோட்டங்களிலும் அவை படுத்தும் உலவியும் திரிகின்றன. ஆயினும், நம் பள்ளி மாணவச் செல்வங்கள் என்னை மொய்த்துக்கொண்டு கேட்பது இந்நாய்களைப் பற்றியன்று. "ஐயா, லாப்ரடோர் குட்டி வாங்கலாமா? கறுப்பு நல்லதா, மஞ்சள் நல்லதா?" என்பதே அவர்கள் கேள்வி. சென்ற ஆண்டு எங்கள் வீட்டிற்கு அவ்வினக் குட்டி ஒன்று வந்ததை அறிந்த நாள் முதல் இக்கேள்வி ஓய்ந்தபாடில்லை. எனவே, ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என்று தலைமையாசிரியர் பணித்தபோது, அதற்கு விடையளிக்க இதுவே தக்க இடம் என்று தோன்றிற்று.

நிறத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு துயரச் செய்தியைச் சொல்ல வேண்டியுள்ளது.

என் வகுப்பு மாணவன் ஒருவனின் வீட்டார், நாங்கள் குட்டி தேடத் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் ஒரு லாப்ரடோர் குட்டி வாங்கினர். விளம்பரத்தைக் கண்டு தொலைபேசியில் பேசினர். பேரங்காடி ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில் பணத்தைக் கொடுத்து அட்டைப்பெட்டியில் குட்டியைப் பெற்று வந்தனர். தாயும் தந்தையும் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்று விற்றவர் சொன்னாராம். தாயை இவர்கள் கண்ணால் கண்டதில்லை. குட்டிக்கு ஐந்து வாரம் இருக்கலாம். மூன்றாம் நாள் உண்ண மறுத்தது. பின்பு வாந்தியும் குருதி கலந்த கழிச்சலும் கண்டன. ஒன்பதாம் நாள் இறந்தது. அடுத்த வாரம் அம்மாணவன் ஓய்வு நேரத்தில் என்னருகே வந்து நின்று, "ஐயா, நான் குளிப்பாட்டியதால்தான் செத்துப் போய்விட்டதா?" என்று கேட்டான். எட்டு வயதுப் பிள்ளை ஒன்பது நாள் வளர்த்த உயிரின் சாவைத் தன் கையின் மேல் ஏற்றிக்கொண்டு நின்றதை இன்றளவும் என்னால் மறக்க இயலவில்லை.

அவன் குளிப்பாட்டியதால் அக்குட்டி சாகவில்லை. கால்நடை மருத்துவர் கண்டறிந்த நோய் பார்வோ என்னும் நச்சுயிரியால் வருவது. 1978-ஆம் ஆண்டளவில் முதன்முதலாக அறியப்பட்டு, ஓரிரு ஆண்டுகளிலேயே உலகெங்கும் பரவிய நோய் இது. நோயுற்ற நாயின் மலத்தில் வெளிப்படும் கிருமி, மண்ணிலும் தரையிலும் கூண்டிலும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். சாதாரண சோப்புக்கு அழியாது. தாய்ப்பாலின் வழியே கிடைக்கும் எதிர்ப்பாற்றல் குட்டியைச் சில வாரங்கள் காக்கும். அது குறையும் காலத்தில் தடுப்பூசி வந்து கைகொடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் முதல் ஊசி, அதன்பின் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை அடுத்த ஊசிகள் என்பது முறை. ஊசி போடும் வயது வருமுன்னரே தாயிடமிருந்து பிரித்து, பல இடங்களிலிருந்து வந்த குட்டிகளோடு ஒரே கூண்டில் அடைத்து வைத்தால் நோய் தொற்றாமல் என்ன செய்யும்? கிருமி உடலில் புகுந்த பிறகு நோய் வெளிப்படச் சில நாள்கள் ஆகும். குட்டி கைமாறும்போது நலமாகவே காணப்பட்டதன் மருமம் இதுதான். அம்மாணவனுக்கு இதனைக் கரும்பலகையில் படம் வரைந்தே விளக்கினேன். கேட்டுவிட்டுத் தலையசைத்தான், நம்பினானா என்பது தெரியவில்லை.

"பாலைப் பார்த்துப் பசுவைக் கொள், தாயைப் பார்த்துப் பெண்ணைக் கொள்" என்று நம் பாட்டிமார் சொல்வர். பெண் கொள்ளும் செய்தியில் அப்பழமொழி இக்காலத்திற்கு ஏற்குமா என்பதை வேறு யாரேனும் வழக்காடட்டும். நாய்க்குட்டியின் செய்தியில் அது முற்றிலும் பொருந்தும் என்பதே நான் கண்டது. இங்கிலாந்து நாட்டில் இதனைச் சட்டமாகவே ஆக்கிவிட்டனர். வேல்ஸ் நாட்டுக் குட்டிப் பண்ணை ஒன்றில், ஓயாமல் குட்டி ஈனுவதற்கென்றே அடைத்து வைக்கப்பட்டுச் சீரழிந்து, 2013-இல் மீட்கப்பட்ட லூசி என்னும் சிறு பெண் நாயின் பெயரால் அது 'லூசி சட்டம்' எனப்படுகிறது. 2020 ஏப்ரல் முதல் அந்நாட்டில் ஆறு மாதத்திற்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகர் விற்க இயலாது. குட்டி பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துக் காட்டியே வளர்ப்பாளர் விற்க வேண்டும். இந்தியாவில் 2017-இல் வகுக்கப்பட்ட விதிகளோ, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்றும், பெண் நாய்க்குப் பதினெட்டு மாதம் நிறையுமுன் இனப்பெருக்கம் செய்விக்கலாகாது என்றும், வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்றும் கூறுகின்றன. நம் மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்குகளைக் கொடுமைக்குள்ளாக்குவோருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடம் தருகிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. வாகன நிறுத்துமிடத்தில் அட்டைப்பெட்டியும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. வாங்குவோர் கேட்காத கேள்வியை விற்போர் தாமாக எழுப்பப் போவதில்லை.

லாப்ரடோர்தான் வேண்டுமென்று நாங்கள் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் இளைய மகனை ஆறு வயதில் தெருநாய்கள் சில துரத்திவிட்டன. கடிபடவில்லை, ஆனால் அச்சம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அதன்பின், குரைப்பொலி கேட்டால் சாலையைக் கடந்து மறுபுறம் ஓடுவான். சாலையில் வரும் வாகனத்தைப் பார்ப்பதில்லை. நாயைவிட அந்த ஓட்டமே எங்களுக்குப் பேரச்சம் தந்தது. பழகும் குணம் ஓரளவு முன்கூட்டியே தெரிந்த நாய் ஒன்றோடு மெல்ல மெல்லப் பழகவிடுங்கள் என்று எங்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் சொன்னார். என் மனைவி, "ஆதரவற்ற நாய்கள் அத்தனை இருக்கும்போது விலை கொடுத்து வாங்குவானேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஜெலுத்தோங்கில் உள்ள விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகத்திற்கு இருமுறை சென்று பார்த்தோம். இவ்வூர் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய அருமையான நாய்கள் அங்குண்டு. ஆனால், முப்பது நாய்கள் ஒருசேரக் குரைத்த இடத்தில் மகன் வண்டியைவிட்டே இறங்கவில்லை. நாய்க்கு அஞ்சாத பிள்ளைகள் உள்ள வீட்டார் முதலில் அங்கே செல்வதே சிறப்பு என்று இன்றும் சொல்வேன்.

லாப்ரடோரின் பெயரே ஒரு வேடிக்கை. கனடா நாட்டின் கீழைக்கரையில் லாப்ரடோர் என்னும் நிலப்பகுதி இருக்கிறது. இந்நாயின் முன்னோர் வாழ்ந்ததோ அதற்குத் தெற்கே உள்ள நியூபவுண்ட்லாந்து தீவில். அங்கு மீனவரோடு படகில் சென்று, வலையிலிருந்து நழுவிய மீனையும் மிதக்கும் கயிற்றையும் குளிர்ந்த கடலில் நீந்திக் கவ்வி வந்த கருநிற நாய்கள் அவை. எண்ணெய்ப் பசையுள்ள ஈரடுக்கு மயிரும், விரலிடைத் தோலும், நீர்நாய் வால் போலத் தடித்த வாலும் அந்தத் தொழிலுக்கென்று அமைந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவற்றைக் கொண்டுசென்று வேட்டைக்குப் பழக்கினர். 1903-இல் அந்நாட்டு நாய்வளர்ப்புக் கழகம் தனியினமாக ஏற்றது. கடித்துக் குதறாமல் மெல்லக் கவ்வி வந்து மனிதன் கையில் தருவதே அதன் குலத்தொழில்.

நம் நாட்டிலும் இவ்வினம் ஒருமுறை தலைப்புச் செய்தியானது. 2007-ஆம் ஆண்டில் லக்கி, புளோ என்னும் இரு கறுப்பு லாப்ரடோர்கள் இங்குக் கொண்டுவரப்பட்டன. குறுவட்டுகள் செய்யப்படும் பொருளின் வாடையை மோப்பம் பிடிக்க வட அயர்லாந்தில் பயிற்சி பெற்றவை அவை. ஜொகூர் பாருவில் பூட்டிய அறைகளுக்குள் மூட்டை மூட்டையாக ஒளிக்கப்பட்டிருந்த திருட்டுப் பட வட்டுகளை அவை காட்டிக்கொடுத்தன. கள்ள வணிகர் அவற்றின் தலைக்கு விலை வைத்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின, காவலும் கூட்டப்பட்டது. இக்கதையைச் சொன்னபோது என் மகன் முதன்முறையாக ஒரு நாயைப் பற்றி மேலும் கேட்டான். "அவற்றை யாராவது கொன்றார்களா, அப்பா?" என்றான். இல்லை என்றதும் அவன் முகம் தெளிந்தது.

விசாரித்து விசாரித்துக் கடைசியில் பாலிக் புலாவில் ஒரு சீன அம்மையாரைப் பற்றி அறிந்தோம். பாயா தெருபோங் வழியாகச் சென்று, துன் சார்டோன் சாலையில் மலையேறி இறங்கினால், டுரியான் தோப்புகளுக்கு நடுவே அவர் வீடு. இரண்டு பெண் நாய்கள் மட்டுமே வைத்திருந்தார். பல இன நாய்களை வைத்து வணிகம் செய்பவர் அல்லர். "இப்போது குட்டி இல்லை. ஆனால் வாருங்கள், தாயைப் பாருங்கள்" என்றார். குட்டி இல்லாத இடத்திற்கு ஒன்றரை மணி நேரம் செலவிட்டுப் போவதா என்று என் மூத்த மகள் முணுமுணுத்தாள்.

போன இடத்தில் நாங்கள் கேள்வி கேட்பதற்கு முன்னர் அவர் எங்களைக் கேட்கத் தொடங்கினார். நான் ஆசிரியன் என்றறிந்ததும் 'சிக்கு' என்றே அழைத்தார். ஆனால் தேர்வெழுதியது நான்தான். "வீடு தரை வீடா, மாடி வீடா? பகலில் வீட்டில் யார் இருப்பார்? வேலி எத்தனை உயரம்? பக்கத்து வீட்டார் யார், அவர்களிடம் சொன்னீர்களா? விடுமுறையில் ஊருக்குப் போனால் நாயை யாரிடம் விடுவீர்கள்? பன்னிரண்டு ஆண்டு வாழும் உயிர், சிக்கு; உங்கள் பையன் பத்தொன்பது வயதாகி மேற்படிப்புக்குப் போகும்போதும் இது வாசலில் கிடக்கும். அப்போது யார் பார்ப்பார்?" கடனுக்கு வங்கிக்குச் சென்றபோதுகூட என்னை எவரும் இத்தனை குடைந்ததில்லை. முதலில் சற்றுச் சினம் வந்தது. பின்னர் உணர்ந்தேன்: வளர்ப்பாளர் நல்லவரா என்று சோதிக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. பணத்தை மட்டும் எண்ணி வாங்கிக்கொள்பவருக்கு நம் வேலியின் உயரம் எதற்கு?

பிறகு கோப்பு ஒன்றை விரித்தார். மலேசியன் கென்னல் அசோசியேஷன் வழங்கிய மரபுவழிச் சான்றிதழை முதலில் காட்டி, "இது பெற்றோர் யார் என்பதைச் சொல்லும். உடம்பு நலமா என்பதைச் சொல்லாது. இதை மட்டும் காட்டுபவரை நம்பாதீர்" என்றார். அடுத்து வந்தது தாயின் இடுப்பெலும்பு ஊடுகதிர்ப் படம். தொடையெலும்பின் தலை இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாமல் வளரும் குறை இவ்வினத்தில் மிகுதி, பரம்பரையாக இறங்குவது. குட்டியில் தெரியாது, வளர்ந்தபின் நொண்டி நொண்டி நடக்கும்போதுதான் தெரியவரும். இங்கிலாந்தில் ஒவ்வோர் இடுப்பிற்கும் 0 முதல் 53 வரை எண் கொடுப்பர். இரண்டும் சேர்ந்து 106. எண் குறையக் குறைய மூட்டு நல்லது. நம் பள்ளித் தேர்வுக்கு நேர்மாறு! முழங்கை மூட்டிற்கும் படம் இருந்தது. கண்ணின் விழித்திரை மெல்லத் தேய்ந்து குருடாகும் நோயொன்றுக்கு மரபணுச் சோதனைச் சான்றும் இருந்தது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு பழுதான மரபணுக்கள் சேர்ந்தால்தான் அந்நோய் வரும். ஒரு பழுது மட்டுமுள்ள நாய் தான் நலமாக வாழ்ந்து, அதனைக் குட்டிகளுக்குக் கடத்தும். எனவே இருபுறமும் சோதிக்காமல் இணைசேர்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடப்பது போன்றதாகும்.

அவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில் கதவோரம் தாய்நாய் வந்து நின்றது. கறுப்பு நிறம்; நான்கு வயது. என் மகன் என் முதுகுக்குப் பின்னால் ஒண்டினான். அம்மையார் அவனை அழைக்கவுமில்லை, தேற்றவுமில்லை; நாயைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். அது அங்கேயே படுத்துக்கொண்டது. கால் மணி நேரம் அப்படியே கிடந்தது. மகன் முதலில் நாற்காலியின் விளிம்புக்கு வந்தான். பின் தரையில் இறங்கி அமர்ந்தான். கடைசியில் காலை நீட்டி அதன் வாலைத் தொட்டும் தொடாமலும் இருந்தான். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. கோப்பில் இருந்த எந்தச் சான்றிதழும் எங்களுக்குச் சொல்லாததை அந்தக் கால் மணி நேரம் சொல்லிவிட்டது. அச்சமோ சீற்றமோ உடைய தாயின் குட்டிகள் அக்குணத்தைப் பிறப்பிலும் பெறும், பார்த்தும் கற்கும் என்பர். தாயைக் காட்டத் தயங்குபவரிடம் குட்டி வாங்கலாகாது என்பதன் பொருள் எனக்கு அங்கே விளங்கிற்று.

இனி நிறத்திற்கு வருவோம். கறுப்பு, மஞ்சள், பழுப்பு ஆகிய மூன்றும் ஒரே ஈற்றில் பிறக்கக்கூடும். நிறத்தால் அறிவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆயின், நிறத்தையே குறியாக வைத்து இணைசேர்ப்பதால் கேடு விளையலாம். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இங்கிலாந்துப் பழுப்பு லாப்ரடோர்களின் இடைநிலை வாழ்நாள் 10.7 ஆண்டு என்றும், மற்ற இரு நிறத்தவற்றுக்கு 12.1 ஆண்டு என்றும் கண்டனர். நிறத்துக்காகக் குறுகிய வட்டத்துக்குள்ளேயே சேர்த்ததும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. 'அரிய நிறம்' என்று கூடுதல் விலை சொல்லும் விளம்பரத்தைக் கண்டால் விலகிச் செல்க. இன்னொன்று: லாப்ரடோர் எப்போதும் பசித்தாற்போலவே பார்க்கும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 2016-இல் கண்டறிந்தபடி, இவற்றுள் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்கியதை மூளைக்கு உணர்த்தும் மரபணுவில் ஒரு பகுதியே இல்லை. பாவம் என்று ரொட்டி சானாய் பிய்த்துப் போடும் அன்புள்ளங்கள் இதனை நினைவில் கொள்க.

ஐந்து மாதம் காத்திருந்தோம். அக்காலத்தில் நாங்கள் செய்தவற்றுள் முதன்மையானது, இடப்புற வீட்டு மக்சிக்கிடம் நேரில் சென்று சொன்னது. முஸ்லிம் குடும்பத்தார், நாயின் உமிழ்நீர் பட்டால் முறைப்படி கழுவித் தூய்மை செய்யவேண்டிய கடப்பாடு உடையவர்கள். "வேலிக்குள்ளேயே வைத்திருங்கள், சிக்கு. எங்கள் வாசலுக்கு வராமல் பார்த்துக்கொண்டால் எனக்குக் குறையில்லை" என்றார். வேலியின் அடிப்பகுதியில் அன்றே கம்பிவலை அடித்தேன். மாநகராண்மைக் கழகத்தில் பெற வேண்டிய உரிமத்திற்கும் விவரம் கேட்டு வைத்தேன். 2015-இல் பினாங்கிலும் கெடாவிலும் பெர்லிசிலும் வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டதையும், தெருநாய்களைக் கொல்லும் ஆணை எழுப்பிய பெருஞ்சச்சரவையும் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். உரிமமும் தடுப்பூசியும் வெறும் சடங்குகள் அல்ல என்பதை அந்த ஆண்டு நமக்குக் காட்டிற்று.

ஏழு குட்டிகள் பிறந்தன. ஐந்தாம் வாரத்தில் எங்களைப் பார்க்க அழைத்தார், எடுத்துச்செல்ல விடவில்லை. ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரை குட்டியின் மனம் ஈரக் களிமண் போன்றது. அப்போது பழகியவை பிற்காலத்தில் அச்சம் தருவதில்லை. அதனால் மோட்டார் சைக்கிள் உறுமல், குக்கர் விசில், சீனப் புத்தாண்டுப் பட்டாசு ஆகியவற்றின் ஒலிப்பதிவை மெல்லிய ஓசையில் தொடங்கி நாள்தோறும் குட்டிகளுக்குக் கேட்கவைத்தாராம். தைப்பூச உறுமி மேளத்தையும் சேர்த்துக்கொள்ளுமாறு நான் வேண்டிக்கொண்டேன், சிரித்தபடியே சேர்த்துக்கொண்டார்.

குட்டிதான் தன் எசமானனைத் தேர்ந்தெடுக்கும் என்று பலரும் சொல்வர். கேட்க இனிய பேச்சு. எங்களிடம் முதலில் ஓடி வந்த குட்டியை மகள் தூக்கிக்கொண்டபோது, "அது இப்போதுதான் தூங்கி எழுந்தது, மற்றவை உண்ட மயக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் ஒரு மணி நேரம் பார்க்கிறீர்கள், நான் ஐந்து வாரமாகப் பார்க்கிறேன்" என்றார் அம்மையார். முதலில் ஓடிவரும் துடுக்குக் குட்டி உங்கள் வீட்டுக்கு வேண்டாம். மூலையில் ஒடுங்கும் குட்டியும் வேண்டாம். அஞ்சும் பிள்ளைக்கு நடுத்தரக் குணமுள்ளதே பொருந்தும் என்று கூறி, கழுத்தில் பச்சை நூல் கட்டியிருந்த கறுப்புப் பெண் குட்டியைக் காட்டினார். மகள் வாதாடிப் பார்த்தாள். அம்மையார் அசையவில்லை.

எட்டு வாரமும் மூன்று நாளும் ஆனபோது அதனை அழைத்து வந்தோம். தடுப்பூசிக் குறிப்பேடு, குடற்புழு மருந்து கொடுத்த நாள்கள், தோலடியில் பதித்த நுண்சில்லின் எண், ஒரு வாரத்திற்கான அதே உணவு, தாயின் வாடை தங்கிய பழைய துண்டு ஆகியவற்றோடு இரண்டு பக்க ஒப்பந்தமும் தந்தார். அதில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டிப் படிக்கச் சொன்னார். எக்காலத்திலும், எக்காரணத்தாலும் வளர்க்க இயலாமற்போனால் நாயைத் தம்மிடமே திருப்பித் தரவேண்டும். விற்கவோ தெருவில் விடவோ கூடாது என்பதே அந்த வரி. கையெழுத்திட்டேன்.

துன் சார்டோன் சாலையின் வளைவுகளில் குட்டி இருமுறை வாந்தியெடுத்தது. பின்னிருக்கையில் துண்டை மடியில் விரித்து வைத்திருந்த என் மகன் கத்தவுமில்லை, விலகவுமில்லை. "அப்பா, கொஞ்சம் மெதுவாக ஓட்டுங்கள்" என்று மட்டும் சொன்னான். வீடு வந்து சேர்வதற்குள் அதற்கு 'ஈத்தாம்' என்று பெயரும் வைத்துவிட்டான். வேலிக்கு அப்பாலிருந்து அதைக் கேட்ட மக்சிக், "ஊர்ப் பெயரையே வைத்துவிட்டாயா!" என்று சிரித்தார்.